திருப்பிப் படிச்சுப்போடாதே, அம்மிணி!

எழுதினதை மட்டும் திருப்பிப் படிச்சுப்போடாதே, அம்மிணி. அப்பிச்சி சொல்றேன், கேட்டுக்க. திருப்பிப் படிச்சா வெக்கமாயிருக்கும். வெக்கம் வந்தா நாலு வரியை அடிக்கோணும்னு தோணும். அடிச்சா நோட்டு அசிங்கமாயிரும். நோட்டு அசிங்கமானா மார்க் போயிரும். இத்தனை வம்பு நமக்கு எதுக்கு? எழுதினமா, கடைசிப் புள்ளியை வெச்சமா, நோட்டை மூடினமான்னு எந்திரிச்சு வந்துரோணும். நம்ம நாட்டுல கோடிப் புள்ளைங்க அப்படித்தான் படிச்சுப் பாசாகி வேலைக்கும் போயிட்டாங்க. அதுல பாதிப்பேரு இப்ப மத்தவங்க எழுதறதைத் திருத்தற வேலையில இருக்கறாங்க.

என்ன மொறைக்கறே? நீயும் அந்தப் பாதியில சேரப்போறவதானே. பி.எட். ரெண்டாவது வருசம். பயிற்சிக்குப் போற பள்ளிக்கூடத்துல இருந்து ஒம்பதாங்கிளாஸ் கட்டுரை நோட்டை ஒரு கட்டாத் தூக்கிட்டு அப்பிச்சி ஊட்டுத் திண்ணைக்கு வந்துட்டே. வந்ததுல இருந்து நானும் பாக்கறேன். சிவப்புப் பேனாவை எடுத்தே, குனிஞ்சே, வட்டம் போட்டே, இன்னும் போட்டுக்கிட்டே இருக்கறே. மார்கழியில உங்க அமுச்சி வாசல்ல புள்ளி வெச்சுக் கோலம் போட்டாக்கூட இத்தனை சுறுக்கா முடியாது. ஒவ்வொண்ணுக்கும் கடைசியில 'நன்று'ன்னு ஒரு வார்த்தை, கீழ கையெழுத்து. உள்ள என்ன இருக்குதுன்னு கேட்டா உனக்கும் தெரியாது, எழுதின பையனுக்கும் தெரியாது. வாத்தியாரும் புள்ளையும் இத்தனை ஒத்துமையா இருந்து நான் பாத்ததில்ல.

அந்த மேல் நோட்டை இக்கட்டால தள்ளு. நானும் ஈ.எஸ்.எல்.சி. பாசு பண்ணினவன்தான், எட்டாங்கிளாசுக்கே அரசாங்கப் பரீட்சை வெச்ச காலம் அது. கண்ணாடி இருந்தாப் போதும், கடகடன்னு படிப்பேன்.

தலைப்பு, 'நீர் மேலாண்மை'. அடிக்கோடு ரெண்டு, ரெண்டும் ஸ்கேல் வெச்சுப் போட்டது. பொறுப்பான பையன். 'முன்னுரை: நீர் மனித வாழ்விற்கு மிகவும் இன்றியமையாதது ஆகும். நீர் இல்லாமல் எந்த உயிரினமும் வாழ முடியாது. நீரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.' காண்போம்னு கூப்பிடறான், சரி, போவோம். அடுத்த பத்தி: 'தண்ணீர் இன்றி மனிதன் உயிர் வாழ இயலாது.' நீரு தண்ணீராயிருச்சு, முடியாதது இயலாததாயிருச்சு. அதுக்கடுத்த பத்தி: 'புனல் இல்லையேல் பூவுலகம் இல்லை.' இப்ப தண்ணீரு புனலாயிருச்சு. மூணு பத்தி நடந்தும் பையன் ஊட்டு வாசப்படியைத் தாண்டலை.

நாலாவது பத்திக்கு வா. அவன் கண்ணு அசந்த நேரத்துல உள்ள பூந்துட்ட வரி ஒண்ணு இருக்குது. 'எங்கள் தோட்டம் கடைமடையில் உள்ளது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் என் தந்தை இரவில் மடைக்கு போய் படுத்துக்கொள்வார்.' அவ்வளவுதான். அதோட அதை உட்டுட்டு ஓடிப்போயி, 'நீரைச் சேமிப்போம், நாட்டைக் காப்போம்'னு முடிவுரை எழுதி நோட்டை மூடிட்டான்.

இந்த எடத்துல நீ என்ன பண்ணி வெச்சிருக்கறே? ரெண்டு வட்டம். 'மடைக்கு' பக்கத்துல ஒரு ப் காணோம், 'போய்' பக்கத்துல இன்னொரு ப் காணோம். ஒத்துக்கறேன், இலக்கணப்படி ரெண்டும் வந்தாகோணும். ஆனா அம்மிணி, அவங்கப்பன் ராத்திரியில மடையில படுத்துக் கெடக்கறான். நீ அங்க டார்ச்சு அடிச்சு ரெண்டு ப் தேடிக்கிட்டு இருக்கறே! எதுக்குடா தம்பி அங்க போய்ப் படுக்கறாருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே.

அந்த ஒரு வரிதான் கட்டுரை. மிச்சத்தை அவன் எழுதலை. அது அவங்கண்ணன் எழுதினது, அதுக்கு முந்தி உங்கம்மா இதே பள்ளிக்கூடத்துல எழுதினது, அதுக்கும் முந்தி நோட்ஸ் போடறவங்க எழுதினது. நல்ல கட்டுரைன்னா இப்படித்தான் இருக்கும்னு அவனுக்குச் சொல்லி வெச்சிருக்கறாங்க, எழுதிப்போட்டான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா அந்த ஒரு வரி நல்ல வரின்னு அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு சிவப்பு வட்டத்தைப் பாத்துட்டு, அந்த வரியிலதான் தப்புப் பண்ணிட்டோம்னு நெனைச்சுக்குவான். அடுத்த கட்டுரையில அப்பனைக் கொண்டாரவே மாட்டான். புனலோட நின்னுக்குவான். புனல்லதான் வட்டமே உழுகலையே!

போன தீவாளிக்கு வந்தப்ப நீதான் எனக்கு ஒரு சங்கதி சொன்னே. அமெரிக்காவுல நான்சி சாமர்ஸ்னு ஒரு அம்மா, 1980ல ஒரு கட்டுரை போட்டாங்களாமே. நீ பரீட்சை எழுதிப்போட்டு மறந்துட்டே. நான் பரீட்சை எழுதலையா, அதனால எனக்கு நெனப்பு இருக்குது. காலேஜுல மொத வருசம் படிக்கற புள்ளைங்க 20 பேரு, எழுதியே பொழைக்கற ஆளுங்க 20 பேரு. பத்திரிகைக்காரரு, புஸ்தகம் திருத்தறவரு, புரொபசரு, இந்த மாதிரி. ஆளுக்கு மூணு கட்டுரை எழுதச் சொல்லி, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை மாத்தி எழுத வெச்சு, என்ன பண்ணினீங்க, ஏன் பண்ணினீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.

அந்தப் புள்ளைங்களுக்குத் திருத்தறதுன்னா சொல்லை மாத்தறதாம். ஒரே சொல்லு ரெண்டு தடவை வந்துட்டாப் பதறிப்போயி அகராதியைப் பொரட்டுதாம். ஒரே சங்கதி ரெண்டு தடவை வந்தா ஒரு பதட்டமும் இல்லையாம். நம்ம பையன் நீரைப் புனலாக்கின கதைதான், பாஸ்டன்லயும் ஓக்லஹோமாவுலயும் அச்சா நடந்திருக்குது. பள்ளிக்கூடம்னு ஒண்ணு எங்க இருந்தாலும் புள்ளைங்க இந்தத் தந்தரத்தை யாரும் சொல்லிக் குடுக்காமலே கத்துக்கும்.

அனுபவசாலிங்க என்ன பண்ணினாங்களாம்? மொத தடவை எழுதினதை வெச்சுக்கிட்டு, நான் என்னதான் சொல்ல வந்தேன்னு தேடினாங்களாம். இதைப் படிக்கற ஆளு எந்த எடத்துல மடக்குவான், எந்த எடத்துல கொட்டாவி உடுவான்னு பாத்தாங்களாம். அந்தம்மா திருத்தற வேலையை நாலாப் பிரிச்சாங்கன்னு சொன்னே: எடுக்கறது, சேக்கறது, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு வெக்கறது, எடம் மாத்தறது. நாலும் எல்லாருக்கும் கையில இருக்கறதுதான். புள்ளைங்க அதைச் சொல்லு மட்டத்துலயே வெச்சுக்குது. எடம் மாத்தற வேலைக்குக் கிட்டவே போறதில்ல. எழுதின வரிசை என்னமோ சாமி குடுத்த வரமாட்டம், அதைத் தொடப் பயம்.

அமெரிக்கா எதுக்கு, பவணந்தி முனிவரைக் கேளு. நம்ம பெருந்துறைக்குப் பக்கத்துல சீனாபுரத்துக்காரருன்னு சொல்லுவாங்க. அதனால கொஞ்சம் சத்தமாவே சொல்றேன். நன்னூல்ல பத்துக் குத்தம் சொல்லி வெச்சிருக்கறாரு. நீ பி.ஏ. தமிழ் படிச்சப்ப இந்தத் திண்ணையிலதான் நடந்து நடந்து மனப்பாடம் பண்ணினே. எனக்கே பாதி மனப்பாடம் ஆயிருச்சு. கூறியது கூறல், அதுதான் இந்தப் பையனோட மூணு பத்தி. வெற்றெனத் தொடுத்தல், அது அவனோட முன்னுரை. மற்றொன்று விரித்தல், அது அப்பிச்சிக்கு. சென்று தேய்ந்திறுதல், அது எல்லாரோட முடிவுரைக்கும்.

எண்ணிப் பாரு அம்மிணி. பத்துல வழூஉச்சொல் புணர்த்தல் ஒண்ணுதான் பிழையான சொல்லைப் பத்தினது. மிச்சம் ஒம்பதும் என்ன சொன்னே, எத்தனை சொன்னே, எந்த வரிசையில சொன்னேங்கறதைப் பத்தினது. மனுசன் ஒம்பது பங்கு அங்க வெச்சாரு. நம்ம பள்ளிக்கூடம் அந்த ஒரு பங்கைப் புடிச்சுக்கிட்டுச் சிவப்பு மையைத் தீக்குது. அதை உடக் கூத்து என்னன்னா, பரீட்சையில பத்துக் குத்தம் எவைன்னு கேட்டா, பத்தையும் வரிசை மாறாம எழுதி முழு மார்க் வாங்கிப்போட்டு, நாலு பக்கம் தள்ளி அதே பேப்பர்ல கட்டுரைன்னு பத்துக் குத்தத்தையும் ஒண்ணு உடாமச் செஞ்சு அதுக்கும் மார்க் வாங்கிட்டு வர்றது. ஒரே பொருளை ரெண்டு தடவை வித்துக் காசு பாக்கற சாமர்த்தியம் யாவாரிக்குக்கூட வராது.

சரி, எப்படித்தான் சொல்லிக்குடுக்கறதுன்னு கேக்கறே. வயசான ஆளு, களையெடுப்பு, கவாத்துன்னு ஒரு உவமையைச் சொல்லுவாருன்னு எதிர்பாக்கறே. அதெல்லாம் மேடையில பேசறவங்க சொத்து. எனக்குத் தெரிஞ்சது மனு.

திங்கக்கெழமையானாக் கலெக்டர் ஆபீசுல குறைதீர்க்கும் நாளு. நம்மூர்ல பாதிச் சனத்துக்கு நான் எழுதிக் குடுத்த மனுதான். வர்றவங்க எப்படிச் சொல்லுவாங்க தெரியுமா? ஒரு பாட்டி வரும். கல்யாணமாகி வந்த கதையில இருந்து ஆரம்பிக்கும். மாமியா கொடுமை, வீட்டுக்காரரு சீக்கு, மருமக சோறு போடாதது, பேரன் எட்டிப் பாக்காதது எல்லாம் சொல்லி அழுது மூக்கைச் சிந்தி எந்திரிக்கற நேரத்துல, 'மூணு மாசமா முதியோர் பென்சன் வரலை சாமி'ன்னு சொல்லும். அதுதான் மனு! அந்தம்மா சொன்ன வரிசையிலயே எழுதினா, ஆபீசரு மாமியாகிட்டயே நின்னுக்குவாரு. அவருக்கு முன்னால அன்னிக்கு நூறு பேரு நிக்கறாங்க.

அதுக்குத்தான் மனுவுல 'பொருள்'னு ஒரு வரி வெச்சான். அனுப்புநர், பெறுநர், அடுத்தது பொருள். 'நிறுத்தப்பட்ட முதியோர் ஓய்வூதியத்தை மீண்டும் வழங்கக் கோருதல்.' முடிஞ்சுது. அதுக்குக் கீழ எழுதற ஒவ்வொரு வரியும் அந்தப் பொருளுக்குப் பதில் சொல்லோணும். எந்த மாசம் நின்னுது, எந்த பேங்குக் கணக்கு, யாருகிட்டக் கேட்டு என்ன சொன்னாங்க. மாமியாளை எடுத்துரோணும். பாட்டிக்கு வருத்தமாத்தான் இருக்கும். 'அவ பண்ணினதைக் கொஞ்சமாவது எழுது சாமி'ன்னு கெஞ்சும். அதை எடுக்கறது பாட்டிக்கு எத்தனை கஷ்டமோ, உனக்கு உன் முன்னுரையை எடுக்கறதும் அத்தனை கஷ்டம்.

இந்தப் புள்ளைங்களுக்கு நீ ஒண்ணே ஒண்ணு சொல்லிக்குடு. கட்டுரையை எழுதி முடிச்ச பின்னால, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்துல மார்ஜின்ல பென்சில்ல ஒரு 'பொருள்' எழுதச் சொல்லு. தான் எழுத நெனைச்சதை எழுதக் கூடாது. பேப்பர்ல என்ன இருக்குதோ அதை எழுதோணும். நம்ம பையன் எழுதினா என்ன வரும்? மொதப் பத்தி: தண்ணி முக்கியம். ரெண்டாவது பத்தி: தண்ணி முக்கியம். மூணாவது பத்தி: தண்ணி முக்கியம். நாலாவது: அப்பா ராத்திரி மடையில படுப்பாரு. நீ வாயைத் தொறக்க வேண்டியதே இல்ல, அவனே சிரிச்சுப்போடுவான். தன் எழுத்தைப் பாத்துத் தானே சிரிக்கற அன்னிக்குத்தான் புள்ளை திருத்தக் கத்துக்க ஆரம்பிக்குது.

அப்பறம் அந்த நாலு வேலையையும் அவங்கையில குடு. மூணு பத்தியில ரெண்டை எடுக்கச் சொல்லு. மூணையும் எடுத்தாலும் ஊர்ல ஒருத்தனுக்கும் நட்டமில்ல. நாலாவதைத் தூக்கி உச்சியில வெக்கச் சொல்லு. சேக்கறதுக்குத்தான் உன்னோட உதவி வேணும். வட்டத்துக்குப் பதிலா மார்ஜின்ல கேள்வி எழுது. 'உங்கப்பா எத்தனை மணிக்குப் போவார்? கையில் என்ன கொண்டுபோவார்? அவர் அங்கே படுக்காவிட்டால் என்ன ஆகும்? மேல்மடைக்காரர் வந்து அடைப்பாரா? தண்ணீர் வந்துவிட்டது என்று இருட்டில் எப்படித் தெரிந்துகொள்வார்?' இத்தனைக்கும் அந்தப் பையனுக்குப் பதில் தெரியும். உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல புள்ளைக்குத் தெரிஞ்சு டீச்சருக்குத் தெரியாத விசயத்தை டீச்சர் கேக்கறது எத்தனை அபூர்வம்! அவன் நிமிந்து உக்காருவான். ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்து எடம் பத்தலைன்னு நிப்பான். 'நீர் மேலாண்மை'ங்கற தலைப்பு அப்பத்தான் நெசமாகும். கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்றதை உட வேற என்ன பெரிய மேலாண்மை இருக்குது?

அந்த ரெண்டு ப் எப்பன்னு கேக்கறே. கடைசியில, அம்மிணி, கடைசியில. வெட்டப்போற வரிக்கு ஒற்றுப்பிழை பாத்து என்ன ஆகப்போகுது? அதை உட மோசம் ஒண்ணு இருக்குது. ஒரு வரிக்கு ஒற்று வெச்சு, ளகர ழகரம் பாத்து, அழகாக்கி வெச்சுட்டா அப்பறம் அதை வெட்ட மனசு வராது. மொதல்லயே பிழை திருத்தற பையன், தூக்கிப்போட வேண்டிய பத்தியைத் துடைச்சுத் துடைச்சு வெச்சுக்குவான். கட்டுரை ஒரு பிழை இல்லாமச் செத்துக் கெடக்கும். அதுக்காக ப் வேண்டாம்னு அப்பிச்சி சொன்னாருன்னு பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லி என்னை மாட்டி உட்டுப்போடாதே. ப் வேணும். சேரச் சொன்ன எடத்துல சேரோணும். அதுக்கு ஒரு நாள் இருக்குது, அது மொத நாள் இல்ல.

இன்னொண்ணு, சத்தமாப் படிக்கறது. ஆனா எழுதினவன் படிக்கக் கூடாது; பக்கத்துப் பெஞ்சுக்காரன் படிக்கோணும், எழுதினவன் கம்முனு உக்காந்து கேக்கோணும். எழுதினவன் படிச்சான்னா, பேப்பர்ல இல்லாத சொல்லையும் சேத்துப் படிச்சுப்போடுவான்; அவன் மனசுல எல்லாம் நெறைஞ்சு கெடக்குதில்ல. அடுத்தவன் படிக்கறப்ப எங்க தடுக்கறானோ, எங்க மூச்சு வாங்கறானோ, எங்க 'இது என்னடா?'ங்கறானோ, அந்த எடத்துல பென்சில்ல ஒரு புள்ளி வெச்சுக்கோணும். பையன் வேணும்னே இழுத்து இழுத்துப் படிச்சுக் கேலி பண்ணுவான்னு பயப்படாதே. பண்ணட்டும். கேலிக்குப் பயந்தாவது ரெண்டு வரி உருப்படும்.

இது புதுசும் இல்ல. ஓலைச்சுவடியில எழுத்தாணி கீறினாக் கீறினதுதான், ரப்பர் கெடையாது. அதனால கீறறதுக்கு முந்தியே வாயிலயும் காதுலயும் வேலையை முடிச்சுக்கிட்டாங்க. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டைச் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டுல எழுதினாங்கன்னு உ.வே.சாமிநாதையர் எழுதி வெச்சிருக்கறாரு. எழுதி முடிச்ச நூலையும் அப்படியே ஊருக்குள்ள உட்டுற முடியாது. அரங்கேற்றம்னு ஒண்ணு இருந்துது. தொல்காப்பியத்தையே அதங்கோட்டாசான் முன்னால படிச்சுக் காட்டினதாத்தான் பாயிரம் சொல்லுது. தொல்காப்பியருக்கே முன்னால ஒருத்தரு உக்காந்து கேக்கோணும்னா, ஒம்பதாங்கிளாஸ் பையனுக்கு வேண்டாமா? அவனுக்கு நாம என்ன குடுத்திருக்கறோம்? மூடின நோட்டைக் குடுத்துட்டு, ஒரு வாரம் கழிச்சு மூடின நோட்டையே வாங்கிக்கறான்.

பரீட்சையைப் பாரு. பத்தாங்கிளாசுல கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிசம் தனியாக் குடுக்கறாங்க. பேரு, நம்பரு சரியான்னு பாக்க 5 நிமிசம். அதுக்கு மேல எழுத 3 மணி நேரம். கேள்வி கேட்டவரு எழுதினதைப் படிக்க நேரம் குடுத்த மகராசன், புள்ளை தான் எழுதினதைப் படிக்க ஒரு நிமிசம் தனியா வெக்கலை. மணியடிக்கற வரைக்கும் எழுதோணும், எச்சா பேப்பர் வாங்கோணும், நூல் கட்டோணும். நூல் கட்டினவன் கெட்டிக்காரன்னு வெளிய நிக்கற அம்மாவும் நம்பறாங்க. 'எத்தனை அடிஷனல் ஷீட் வாங்கினே?'ன்னு கேக்கறாங்களே தவிர, 'எத்தனை வரி அடிச்சே?'ன்னு எந்த அம்மாவாவது கேட்டதுண்டா? உங்கம்மா கேட்டாளா?

பரீட்சையை நீயும் நானும் மாத்த முடியாது. நோட்டை மாத்தலாம். வருசத்துக்கு எத்தனை கட்டுரை எழுத வெக்கறீங்களோ, அதுல பாதியைக் கொறைச்சுப்போட்டு, மிச்சப் பாதியை ரெண்டு தடவை எழுத வெய்யி. புதுக் கட்டுரை எழுத எழுதக் கை வேணா வேகமாகும். பழைய கட்டுரையை மறுக்காப் பாத்து எழுதினாத்தான் கண்ணு தெளியும். அப்பறம், மொத தடவைக்கு மார்க் போடாதே. இஸ்ரேல்ல ரூத் பட்லர்னு ஒரு அம்மா, 1988லயே பாத்துச் சொல்லியிருக்கறாங்கன்னு நீதான் அதையும் சொன்னே. பள்ளிக்கூடப் புள்ளைங்கள்ல ஒரு கூட்டத்துக்கு மார்க் மட்டும், இன்னொரு கூட்டத்துக்குக் குறிப்பு மட்டும், மூணாவது கூட்டத்துக்கு ரெண்டும். அடுத்த தடவை நல்லாப் பண்ணினது குறிப்பு மட்டும் வாங்கின கூட்டம். ரெண்டையும் வாங்கினவங்க, மார்க் மட்டும் வாங்கினவங்களை உட மேல போகலை. மார்க்கைப் பாத்தாங்க, பக்கத்துப் பையன் மார்க்கைப் பாத்தாங்க, நோட்டை மூடிட்டாங்க. டீச்சரு கண்ணு வலிக்க எழுதின குறிப்பு அங்கயே கெடந்துது. மார்க்குன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்; முடிஞ்ச வேலையை எந்தப் புள்ளை திரும்பப் பாக்கும்?

பெரிய எழுத்தாளனுக்கெல்லாம் தானா வந்துரும்னு இந்தப் புள்ளைங்க நெனைச்சுக்கும். அந்த நெனப்பைக் கெடுக்கறது உன் கடமை. எர்னஸ்ட் ஹெமிங்வேன்னு ஒருத்தரு, 1929ல வந்த 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலோட முடிவை 39 தடவை மாத்தி எழுதினேன்னு 1958ல ஒரு பேட்டியில சொன்னாராம். 2012ல புதுப் பதிப்புப் போட்டவங்க தேடிப் பாத்து, 47 முடிவை அச்சுல போட்டாங்களாம். எழுத்தாளன் தன் பெருமையைக் கொறைச்சுச் சொன்ன ஒரே எடம் அதாத்தான் இருக்கும். நம்ம தமிழ்த் தாத்தா சீவக சிந்தாமணியை 1887ல பதிப்பிச்சாரு. ஊரே கொண்டாடுச்சு. நீயும் நானுமா இருந்தா அதோட மாலையை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். அவரு 1907ல திருத்தின ரெண்டாம் பதிப்புக் கொண்டாந்தாரு. இதைச் சொன்னாப் புள்ளைங்க நம்பாது. அதனால உன் நோட்டைக் காட்டு. நீ எழுதின அசைன்மெண்டோட மொத வரைவை, அடிச்சது கிறுக்கினது எல்லாத்தோடயும் கிளாசுல தூக்கிக் காட்டு. டீச்சரே இத்தனை அடிச்சிருக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் அதுங்களுக்குத் தைரியம் வரும்.

வரைவே இல்லையா? அப்ப எப்படி எழுதினே? ஓ, போன்கிட்டக் கேட்டியா! நல்லது. நல்லாத் திருத்திக் குடுக்குமாமே. ஒற்று மிகும், சந்தி சேரும், வரி வழவழன்னு வரும். நம்ம பையன் கட்டுரையை அதுகிட்டக் குடுத்துப் பாரேன். மூணு புனலையும் பட்டுத்துணியில சுத்திக் குடுக்கும். அப்பனை மடையில இருந்து எழுப்பி ஊட்டுக்குத் தாட்டி உட்டுட்டு, 'விவசாயிகள் நீர்ப் பற்றாக்குறையால் பல இன்னல்களை எதிர்கொள்கின்றனர்'னு அந்த எடத்துல ஒரு வரி போடும். பிழையே இருக்காது. ஆளும் இருக்காது. அதுக்கும் மேல, மார்ஜின்ல பொருள் எழுதிச் சிரிச்சது யாரு? போனா? சிரிக்கற வேலையையும் அதுகிட்டயே குடுத்துட்டா அந்தப் பையன் கத்துக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இப்ப நிசத்தைச் சொல்லு. உனக்கு இருக்கற வெசனம் அது எதுவும் இல்ல. நோட்டுல மார்க் எங்க, வட்டம் எங்கன்னு ஹெட்மாஸ்டரு கேட்டா என்ன பண்றதுங்கறதுதான். அதுக்கும் அப்பிச்சிகிட்ட வழி இருக்குது. பக்கத்துக்குப் பக்கம் தேதி போடு, 'பார்வையிடப்பட்டது'ன்னு எழுது, தெளிவா ஒரு கையெழுத்துப் போடு. தேதியும் கையெழுத்தும் கண்ணுல பட்டுட்டா மேல இருக்கறவங்க உள்ள போய்ப் படிக்க மாட்டாங்க. இத்தனை வருசம் மனு எழுதினவன் சொல்றேன். அவரு படிக்காமத் தள்ளி உட்டாருன்னா உனக்குத் தொந்தரவு இல்ல. தப்பித் தவறிப் படிச்சுப்போட்டாருன்னா, அந்தப் பையனுக்கு உன்னை உட்டா இன்னொரு ஆளு கெடைச்சாச்சு, மேல்மடைக்காரன் யாருடான்னு கேக்கறதுக்கு.